முருங்கைக்காய் வாடகை

நவம்பர் 10, திங்கள். விடிந்ததிலிருந்து தூறல்.

வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். வக்கீலைப் பார்க்கப் போகிறோமே என்று நேற்று தலைக்குச் சாயம் பூசினேன். இரண்டு காதும் கறுப்பு. தேய்த்தும் போகவில்லை. "வக்கீலு கோட்டுக்கு மேட்ச்சா கீது" என்றார் என் வீட்டுக்காரர்.

காதை முந்தானையால் மூடிக்கொண்டு தாம்பரம். கொண்டுபோனவை: கரன்ட் பில், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. இருபது வருஷத்துக்கு மேலாக முடிச்சூர் மனையில் குடியிருக்கிறோம். மனை ரகு சார் பேரில். ஃபிளாட் கட்டப் போகிறாராம், எங்களைக் காலி பண்ணச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

வக்கீல் சார் (இனி வ.சா., கை வலிக்கிறது) எல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார். இடத்துக்குச் சொந்தக்காரரை எதிர்த்து, நாலு பேருக்குத் தெரிய, பன்னிரண்டு வருஷம் விடாமல் இருந்திருந்தால் இடம் எங்களுக்கே என்று கேட்கலாமாம். வயிற்றில் பால்.

"அவரோட எப்பவாவது சண்டை போட்டிருக்கீங்களாம்மா?"

"சண்டையா? இன்னா சார் நீங்க! பொங்கலுக்கு வருவாரு. ஒரு கட்டு முருங்கக்கா குடுப்பேன். 'இந்தாங்க சார், வருஷ வாடகை'ன்னு."

வ.சா. பேனாவை மூடினார்.

வாடகை என்று கொடுத்தால் அவர் சம்மதத்தில் இருந்ததாக ஆகிவிடுமாம். "வேற யாருக்காவது தெரியுமா?" தெருவுக்கே தெரியும். தெருவே சிரிக்கும்.

கிளம்பும்போது ஒரு உத்தரவு: கேஸ் முடியும்வரை அங்கே எதையும் கட்டக்கூடாது, இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது.

நவம்பர் 11, செவ்வாய். விட்டு விட்டு மழை.

எதிர்வீட்டு மேரி அக்காவிடம் போனேன். அந்த வாடகைப் பேச்சை மறந்துவிடச் சொல்லலாம் என்று.

"ரகு சாரோட வக்கீலு வந்து கேட்டுட்டுப் போய்ட்டாருடி. சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"நீ சொன்னதத்தான். பைபிள் படிக்கிற வாயி, பொய் வருமா?"

"அது தமாஷுக்கா! அத சொன்னியா?"

"சொன்னேன். அத மட்டும் அவரு எழுதிக்கல."

நவம்பர் 13, வியாழன். வெயில், பேருக்கு.

வாங்க: பால், கொசுவத்தி, எலுமிச்சம்பழம் (காதுக்கு).

பள்ளமாகக் கிடந்த இடம். லோடு லோடாக மண் கொட்டி மேடாக்கினது நாங்கள். பெரிய வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றோமே, அன்றைக்கு யாரும் வந்து இது ரகு சார் இடம் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை சாரிடம் செருப்பைக் காட்டியிருந்தால் போதும். வீடு எங்களது. நான் காபி கொடுத்தேன். டம்ளரைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு. ஊதல் காற்று.

ரகு சார் வந்தார், சர்வேயரோடு. எப்படி முறைப்பது என்று வீட்டுக்காரர் இரண்டு நாளாகப் பாடம் எடுத்திருந்தார். இடுப்பில் கைவைத்து வாசலை மறித்து நின்றேன்.

சார் சிரித்தார். "என்னம்மா, வாடகை ரெடியா?"

அவர் இதைச் சொன்னதே இல்லை. என் தமாஷ். என்னிடமிருந்து எடுத்து என் மேலேயே.

"மழையில பூவெல்லாம் கொட்டிப் போச்சு சார். பொங்கலுக்குத் தரேன்."

நான்தான் சொன்னேன். பழகின வாய்.

சர்வேயர் டேப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் சார் அவரிடம். நல்ல மரியாதையாகத்தான்.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. கொல்லைப்பக்கம் போய் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாருடைய கார் தெருமுனைகூடத் திரும்பியிருக்காது. காற்றில் முருங்கைக் கிளை ஒடிந்து கக்கூஸ் கூரைமேல் விழுந்தது. ஷீட் இரண்டாகப் போயிற்று. வீட்டுக்காரருக்கு அடி ஒன்றும் இல்லை. கூரையை மாற்றக்கூடாது, வ.சா. சொல்லியிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து குடை கேட்டார். கொடுத்தேன்.