பசை படாத நான்கு விரல்

உன் அம்மா நேற்று சேதராப்பட்டுக்கே வந்துவிட்டார். பழைய லுங்கியில் சுற்றிய நீளமான ஒன்றை, நான் வேலை பார்க்கும் ஃபேக்டரி வாசலில் என் கையில் கொடுத்து, "இத எதுக்கு வச்சிருந்தாளோ தெரியல பாப்பா, தூக்கிப் போட மனசு வரல" என்றார். பிரித்ததும் அந்தப் பசை வாடை.

நம் பட்டைதான். பால் நிறப் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. லாஸ்பேட்டை ஆராய்ச்சி லேபில் அதன் ஒரு முனையில் நீ ஏர்கன்னால் சுடுவாய். அந்த அதிர்வலை பட்டைக்குள் ஓடிவந்து கையில் பட்டதும், மறுமுனையில் உள்ளங்கையை வைத்திருக்கும் நான் "வந்துடுச்சு" என்பேன். கருவி இருக்கும்போது கை எதற்கு என்று கைடு திட்டுவார். நீ கேட்டால்தானே.

சாதாரண அலை போகப் போகப் பரந்து நீர்த்துவிடும். "இது அப்படியில்லடி. ஒண்ணு இத விரிக்கப் பாக்குது, இன்னொண்ணு குவிக்கப் பாக்குது. ரெண்டும் சமமா மல்லுக்கட்டறதால ஒத்தையா, உருவம் மாறாம போயிட்டே இருக்கு" என்று டீக்கடையில் கையை ஆட்டிச் சொல்வாய். பாதி டீ என் சுடிதாரில் இருக்கும்.

பட்டையை ஒட்டியது நான். அன்றைக்கு வீராம்பட்டினம் தேர். "வடம் புடிக்கறதுக்குள்ள வந்துடுடி, அப்புறம் வண்டிய உள்ள வுட மாட்டான்" என்று உன் வீட்டிலிருந்து மூன்று முறை போன் செய்தாய். நடுவில் நான்கு விரல் அகலம் பாக்கி இருக்கும்போது பசை தீர்ந்துபோனது. புதிதாகக் கலக்கப் பொறுமையில்லை. மேல் பட்டையை வைத்து அழுத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மறுவாரம் அலை நடுவழியில் இரண்டாகப் பிரிந்தது. பெரியது முன்னால், சிறியது பின்னால். நீ குதித்தாய். பழுதில்லாத பட்டையிலேயே ஒற்றை அலை பிரிகிறது என்று கட்டுரை எழுத உட்கார்ந்தாய். பசை படாத இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தப்பு நடந்தால் வெளியே போய்விட வேண்டும் என்று கைடு என்னை எச்சரித்திருந்தது உனக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, "அந்தப் பேப்பர் வேணாம்டி, வுட்டுட்டேன்" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்று சுடுகிறது. எனக்குப் பட்டம் கிடைத்தது. நீ ஆராய்ச்சியையே விட்டு டியூஷன் எடுக்கப் போனாய். போன மழைக்காலத்தில் டெங்கு உன்னை மூன்றே நாளில் கொண்டுபோனது.

நேற்று பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். அலை எங்கே பிரியத் தொடங்குகிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறாய். என் நான்கு விரல் இடத்தைச் சுற்றிச் சரியாக ஒரு வட்டம். பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கல்: "இங்க பசை இல்ல. அவளா சொல்லட்டும்."

உண்மையை எழுதினால் ஒட்டியது யார் என்றும் எழுத வேண்டும். அதனால் விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை டீ குடித்தோம்! ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாய்?

இன்று வேலை முடிந்ததும் பட்டையை மேஜையில் கிடத்தினேன். "பசை தீந்துபோச்சுடி. நான்தான் அப்படியே வச்சு ஒட்டிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லி, நீ சுடும் முனையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். அங்கேயே நின்றேன். மறுமுனையில் கை வைத்து "வந்துடுச்சு" என்று சொல்ல யாரும் இல்லை.