முன்வாசல் குழாயில் தண்ணீர் குறைந்த காரணம்

அனுப்புநர்:
ஆய்வகப் பொறுப்பாளர் (கல்லூரி),
கதவு எண் 14, இடப்பாதி.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: முன்வாசல் குழாயில் நீரழுத்தக் குறைவு – உண்மைக் காரணம் தெரியவந்தது – கதவு எண் 14 வலப்பாதியில் துண்டித்த இணைப்பை மீண்டும் வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் 22ஆம் தேதியிட்ட என் புகார் (பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினைந்து லிட்டர் வாளியை ஐம்பது விநாடியில் நிரப்பிய என் முன்வாசல் குழாய் இப்போது நான்கு நிமிடம் பத்து விநாடி எடுத்துக்கொள்கிறது என்றும், மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் தம்பி மோட்டார் வைத்து உறிஞ்சுவதே காரணம் என்றும் பார்வையில் கண்ட புகாரில் எழுதியிருந்தேன். அளவுகள் சரி. காரணம் தவறு.

2. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நான் அந்த முடிவுக்கு வரவில்லை. குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினேன். வாயிலிருந்த சல்லடையைத் துலக்கினேன். ரப்பர் குழாயை எடுத்துவிட்டும் சோதித்தேன். சமையலறையிலும் குளியலறையிலும் பழைய வேகம். வாசலில் மட்டும் நூலாக இறங்கியது. பிளம்பரை அழைக்கவில்லை. அவரும் தம்பியும் ஒரே கடையில் தேநீர் குடிப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

3. அப்புகாரில் நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. தம்பியின் கொட்டகையில் மோட்டார் இருப்பதாக எழுதினேன். அது எங்கள் அப்பா வாங்கியது, சுருள் எரிந்து ஒன்பது ஆண்டுகளாகிறது என்று எழுதவில்லை. மற்றொன்று, மதிலோரக் குழியில் இரண்டு வால்வுகள் உள்ளன. சிவப்புச் சாயம் பூசியது தம்பி வீட்டுக்குப் போவது என்று நம்பியிருந்தேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை அவன் எனக்கு, யாரோ மூன்றாம் மனிதனுக்குச் சொல்வதுபோல், குறுஞ்செய்தியில் தெரிவித்தான். அன்று மாலை அந்த வால்வை மூன்று சுற்று இறுக்கினேன். மறுநாள் காலை என் முன்வாசல் குழாயில் வேகம் குறைந்தது. பதிலடி கொடுத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

4. சென்ற திங்களன்று தங்கள் ஊழியர்கள் வந்து, மோட்டாரைக் கண்டு, அதை எடுத்துக்கொண்டு இணைப்பையும் துண்டித்தார்கள். தெருவிளக்கு, சாக்கடை குறித்த என் ஏழு மனுக்களுக்கு ஆண்டுக்கணக்கில் அசையாத அலுவலகம் இதற்கு மட்டும் மூன்றே வாரத்தில் அசைந்தது யார் தூண்டுதலால் என்பதைத் தனியே கேட்பேன்.

5. எங்கள் அம்மா அந்த வீட்டில்தான் படுத்திருக்கிறார். நாளுக்கு நான்கு முறை துணி மாற்றித் துவைக்க வேண்டும். திங்கள் முதல் அதற்கான தண்ணீர், மதிலை எட்டும் ஒரே குழாயான என் முன்வாசல் குழாயிலிருந்து மதில்மேல் ரப்பர் குழாய் வழியாகத்தான் போகிறது. தம்பியின் மனைவி மறுமுனையைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு டிரம் நிறைய ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு நாள் அதை நின்று பார்த்த பிறகு பிளம்பரை அழைத்தேன்.

6. ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் பிரித்தபோது குழாய்களை மாற்றி அமைத்தவர் அவரே. அன்று அங்கே நிற்கப் பிடிக்காமல் நான் வெளியே போயிருந்தேன். சிவப்பு வால்வு என் முன்வாசல் குழாய்க்கு மட்டுமே உரியதாம். தம்பியின் இணைப்பு தெருவிலிருந்து நேரே போகிறது. "ஏன் சார், உங்க கழுத்த நீங்களே பிடிச்சுக்கிட்டு, மூச்சு முட்டுதுன்னு பக்கத்து வீட்ட முறைச்சிட்டு இருந்தீங்களா?" என்றார். வால்வைத் திறந்ததும் வாளி நாற்பத்தெட்டு விநாடியில் நிறைந்தது. மதிலுக்கு அப்பால் ஜன்னலோரம் படுத்திருந்த அம்மா, "இப்பத்தாண்டா தண்ணி சத்தமே கேக்குது" என்றார்.

7. நேற்று மாலை தம்பி மதிலருகே வந்தான். "அண்ணே, எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிப் போட்டிருக்கான். நீதான் படிச்சவன், எனக்கொரு மனு எழுதிக் கொடு" என்றான். இரண்டு ஆண்டுகளில் என் முகம் பார்த்து அவன் பேசியது இதுதான் முதல். எழுதினேன். நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, அவன் ஒப்பமிட்டதும் வாங்கி வந்து இத்துடன் இணைத்துள்ளேன். அதில் 'வயிற்றெரிச்சல் பிடித்தவர்' என்பது அவன் சொல், மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

8. ஆகவே, இணைப்பை இன்றே கொடுக்கவும். அபராதம் ஏதுமிருந்தால் என் பெயரில் விதிக்கவும். மோட்டாரைத் திருப்பித் தரவும். ஓடாவிட்டாலும் அது அப்பாவுடையது. வேலைக்கு வரும் ஊழியர்கள் கோப்பைக் கையோடு கொண்டுவர வேண்டாம். என் புகாரும் தம்பியின் மனுவும் அதில் ஒரே கையெழுத்தில் இருக்கும். பள்ளிக் காலத்தில் அவன் கட்டுரைகளை எழுதிக் கொடுத்தவன் நான்.

9. இறுதியாக ஒரு விளக்கம் தேவை. திங்களன்று தங்கள் ஊழியர் எவரேனும் என் புகாரை அவனிடம் காட்டினாரா? நான் எழுதிய மனுவை அவன் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நல்லா இருக்குண்ணே. அப்ப இருந்த மாதிரியே இருக்கு" என்று சொல்லி ஒப்பமிட்டான்.

காட்டியிருந்தால் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். எப்படியானாலும் இணைப்பு தாமதமாக வேண்டாம். அதுவரை என் முன்வாசல் குழாய் திறந்தே இருக்கும்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 14ஆம் தேதி, வியாழன்

இப்படிக்கு,
(ஒப்பம்)
பார்வையில் கண்ட புகாரை எழுதியவர்;
வலப்பாதியில் குடியிருப்பவரின் அண்ணன்

இணைப்பு: தம்பியின் மனு – ஒன்று