முதல் வற்றம்

அபர்கெலின், வேல்ஸ்
ஜூன் 6

அன்புள்ள தம்பி மெய்ரிக்குக்கு,

அக்கா நெரிஸ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் சுகம்தான். உன் நாய் மோஸ் என்னைவிடச் சுகம். நீ கப்பலேறிப் போன அன்று இரண்டு வேளை சாப்பிடாமல் வாசலில் கிடந்தது. மூன்றாம் வேளை என் தட்டிலிருந்த ஆட்டுக்கறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அதோடு அதன் துக்கம் முடிந்தது.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. கடிதமென்றால் உன் இஷ்டத்துக்குப் படிக்கலாம், பாதியில் மடித்து வைக்கலாம், என் குரலைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்டில் உனக்கு வேலை பிடித்திருக்கிறது, முதலாளி ஃபின்டன் தங்கமான மனிதர் என்று நீ ரோன்வென்னுக்குப் போட்ட கார்டிலிருந்து தெரிந்துகொண்டேன். அவள் அதைத் தன் மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். அங்கேயும் நீ சிப்பிப் படகில்தான் இருக்கிறாய், அங்கிருந்து வாரம் தவறாமல் லாரி ஹாலந்துக்குப் போகிறது என்று கேட்டதும் பக்கத்துப் பாத்திக்கார எம்லின் அண்ணன் சும்மா இருப்பாரா? "அயர்லாந்து சிப்பிக்கு ஐரோப்பா பாஸ்போர்ட் இருக்கு, அதான் அது சுத்தமா இருக்கு. நம்ம சிப்பி அனாதைப் பய சிப்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிய மீனை அப்படியே கடற்கரையில் மோஸுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் சேப்பல் கூடத்தில் ஒரு கூட்டம். அமைச்சகத்து ஆள் ஒருவர் லண்டனில் உட்கார்ந்தபடியே திரையில் வந்து பேசினார். இந்த விரிகுடாவின் மீன்வள அதிகாரி என்பதால் திரையைக் கட்டியதும் நாற்காலி போட்டதும் நான்தான். ஐரோப்பாவை விட்டு வெளியேறும்போது ஆரம்பச் சிரமங்கள் இருக்கத்தான் செய்யும், பொறுமை வேண்டும் என்றார் அவர். "புத்தாண்டுலேர்ந்து ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கீங்களே, எப்பப்பா முடிப்பீங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

எம்லின் எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் சண்டைதான் என்று உனக்குத் தெரியும். "முப்பது வருஷமா இதே கடல், இதே சிப்பி. அள்ளி லாரில ஏத்துவோம், ஹாலந்துக்காரங்க தொட்டில போட்டுச் சுத்தம் பண்ணி விப்பாங்க. புத்தாண்டு அன்னிக்கு ராத்திரி திடீர்னு எங்க கடல் அழுக்காயிடுச்சா? வெளியாள் சிப்பியச் சுத்தம் பண்ணித்தான் கொண்டுவரணும்னு ஐரோப்பா சட்டத்துல முன்னாடியே இருக்கு. நாம வெளியாள் ஆகப்போறோம்னும் நாலு வருஷமா தெரியும். அத எடுத்துப் படிக்க உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குக்கூடவா கண்ணு இல்ல?"

அப்படியானால் இங்கேயே தொட்டி கட்டலாமே என்றார் அந்த மனிதர். இங்கே கழுவி, மூட்டை கட்டி, துறைமுகத்தில் சோதனைக்குக் காத்துக் கிடந்து, அங்கே போய்ச் சேருவதற்குள் அத்தனையும் செத்து வாயைப் பிளந்துவிடும் என்று எம்லின் சொன்னார். அப்புறம் அந்தத் திரை மனிதர் ஒரு யோசனை சொன்னார் பார், நம் நாட்டு மக்களே இன்னும் நிறைய சிப்பி சாப்பிடப் பழகலாமாம்! ரோன்வென் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என் கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வாங்க சார். சிப்பி வேணுமான்னு நீங்களே கேட்டுப் பாருங்க. புள்ளைங்க அழுதா நான் பொறுப்பில்ல" என்றாள்.

எம்லினையும் ஒருவன் விடவில்லை. வெளியேறணும்னு படகில் கொடி கட்டினது நீங்கதானே என்று கேட்டுவிட்டான். "கட்டினேன்டா. இப்பவும் இல்லேன்னு சொல்லல. வீட்ட விட்டுக் கிளம்பணும்னுதான் சொன்னேன். சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு மழைல நிக்கச் சொன்னேனா?" என்றார். அவரைப் பிடிக்காதவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

பிறகு உன் பேச்சு வந்தது. "நாங்கல்லாம் பயந்துபோய் டிசம்பர்லயே அரைகுறையா வாரி அனுப்பிட்டோம். மெய்ரிக் மட்டும்தான் இன்னும் ரெண்டு மாசம் கொழுக்கட்டும்னு நம்பி நின்னான். புத்தாண்டுக்கு அப்புறமும் லாரி போகும்னு அவன்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. கேட்டா அமைச்சகம்னு மட்டும் சொன்னான். அமைச்சகத்துல யாரு? எனக்கு அந்த ஆள் பேரு வேணும்" என்றார் எம்லின். திரையில் இருந்தவர் விசாரித்து எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ரோன்வென் என் கையில் ஒரு கோப்பைத் தேநீரைத் திணித்து, "அவள ஏன் பாக்குறீங்க? பாவம், மேலேர்ந்து வர்றத வாசிக்கிறா, அவ என்ன செய்வா?" என்றாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தாள். நான் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கடலில் நீ சிப்பி வளர்க்கிற பாத்தியின் குத்தகை விதி உனக்குத் தெரிந்ததுதான். குத்தகைக்காரர் சிப்பி ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், ஒவ்வொரு வருடமும் வசந்தத்துக்கும் அக்டோபர் கடைசிக்கும் நடுவே ஒரு முறையாவது தானே பாத்தியில் இறங்கி வேலை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை போய்விடும். செப்டம்பரில் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவள் நான். சொந்தத் தம்பி பாத்தியை நானே பார்ப்பது முறையில்லை, வேறு அதிகாரியை அனுப்புங்கள் என்று கேட்டேன். ஆள் இல்லையாம். பாத்தி போனால் நீ திரும்பி வர இங்கே உனக்கு எதுவும் இருக்காது. என்ன செய்வது என்று நீதான் முடிவெடுக்க வேண்டும். நான் எதுவும் சொல்லமாட்டேன்.

குளிரில் ஈரக் காலுறையோடு நிற்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அக்கா நெரிஸ்


அபர்கெலின்
செப்டம்பர் 26

என் அன்புத் தம்பிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டு விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

ஜூன் மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பதில் போட என்ன இருந்தது? ஊர்க் கதையெல்லாம் எழுதினேன், எழுத வேண்டியதை எழுதவில்லை.

கடல் வெகுதூரம் உள்வாங்கும் பெரிய வற்றத்தன்று உன் பாத்தியைப் பார்க்கப் போனேன். எட்டு மாதம் ஆள் தொடாத பாத்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சிப்பியெல்லாம் தன் சேற்றிலேயே புதைந்து, நட்சத்திர மீன் தின்று தீர்த்து, எல்லைக் கம்பெல்லாம் சாய்ந்து கிடக்கும். "கைவிடப்பட்டது" என்று என் கையாலேயே எழுத வேண்டும். தண்ணீர் வடிய வடிய நானும் பின்னாலேயே நடந்தேன்.

கம்புகள் நிமிர்ந்து நின்றன மெய்ரிக். பாதிக் கம்பு புதுசு. சேறு வாரிவிடப்பட்டிருந்தது. நட்சத்திர மீன் தேடினாலும் இல்லை. மூலைக் கம்பில் யாருடைய மஞ்சள் மழைக்கோட்டிலிருந்தோ கிழித்த ஒரு துண்டு எல்லை அடையாளமாகக் கட்டியிருந்தது.

அப்பாவுக்குக் கால் உடைந்த வருடம் ஞாபகமிருக்கிறதா? கடல் வற்றியதும் முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் அப்பாவின் பாத்தியில்தான் குனிந்தார்கள். அதற்குப் பிறகுதான் தங்கள் பாத்திக்குப் போனார்கள். முதல் வற்றம் வர முடியாதவனுக்கு என்பது இந்தக் கரையில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கிற விஷயம். ஆனால் அது படுக்கையில் கிடப்பவனுக்கு, இழவு விழுந்த வீட்டுக்கு. விற்க வழியில்லாமல் கடல் கடந்து போனவனுக்குச் செய்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர்கள் தங்கள் சிப்பியையே விற்க முடியாமல் நிற்கிறார்கள்.

எம்லின் அங்கேதான் இருந்தார், முழங்கால் சேற்றில். என்னைப் பார்த்ததும், "வாங்க அதிகாரியம்மா, வேலை நடந்திருக்குன்னு எழுதிக்கோங்க" என்றார். குத்தகைக்காரரே செய்ய வேண்டும் என்பதுதான் விதி என்று சொன்னேன். "விதியா? லாரி போகும்னு சொன்னவனுக்கு விதி தெரிஞ்சுதா? அந்தப் பேரு மட்டும் எனக்குக் கிடைக்கட்டும்" என்று ஆரம்பித்தார்.

அது நான்தான் அண்ணே என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உனக்கும் இதில் பாதிதான் தெரியும். நவம்பரில் என் சமையலறையில் உட்கார்ந்து நீ கேட்டாய்: "அக்கா, புத்தாண்டுக்கு அப்புறமும் லாரி போகுமா? இல்ல இப்பவே வாரிடவா?" அன்று காலையில்தான் என் மேலதிகாரியிடம் போனில் கேட்டிருந்தேன். "போகும் என்று எதிர்பார்க்கிறோம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதையே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வாரியிருப்பாய். நீ சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது, முகமெல்லாம் வற்றிக் கிடந்தது. "போகும்டா, நான் சொல்றேன்ல" என்றேன். உன் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜனவரியில் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த லாரியில் செத்து நாறிய சிப்பியை நீ மண்வெட்டியால் தள்ளும்போது நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் திட்டவில்லை. ஊருக்கெல்லாம் அமைச்சகம் என்று சொல்லி என் பெயரை மறைத்தாய். திட்டியிருக்கலாம்டா.

எம்லின் தொப்பியைக் கழற்றவில்லை. குனிந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பரவாயில்லை என்று சொல்வார் என்று உள்ளுக்குள் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது அதைச் சொல்ல. "அப்போ நான் எதுக்கு உன் தம்பி பாத்தில குனிஞ்சு முதுக ஒடிச்சுக்கணும்? இந்தா, நாளைலேர்ந்து நீ பொறுக்கு" என்று சேறு வாரும் வாரியை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் பாத்திக்குப் போய்விட்டார். பிற்பாடு ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ரோன்வென் கடையில் இப்போது எனக்கு மீன் தருகிறாள், பேச்சுத் தருவதில்லை.

அன்றிலிருந்து வேலை இல்லாத நேரத்தில் முதல் வற்றத்துக்கு நான்தான் போகிறேன். இருபது வருடமாக இந்தக் கடலுக்கு அதிகாரி, ஒரு நட்சத்திர மீனைச் சிப்பியிலிருந்து பிய்க்கத் தெரியவில்லை. விரல் கிழிந்தது அதில்தான். நேற்று எம்லின் தூரத்திலிருந்து, "அப்படி இழுக்காத, திருப்பு, திருப்பு!" என்று கத்தினார். அன்றைக்குப் பிறகு அதுதான் அவர் என்னோடு பேசிய ஒரே பேச்சு. நான் திருப்பினேன், வந்துவிட்டது.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். மெய்ரிக் வந்து வேலை செய்தான் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. லண்டனிலிருந்து யாரும் வந்து சேற்றில் இறங்கிப் பார்க்கப் போவதில்லை. எழுத உட்கார்ந்தேன். நவம்பரில் உன் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன அதே வாய்தான் இதையும் எழுதச் சொல்கிறது. பேனாவை மூடிவிட்டேன். உள்ளதை எழுதினால் பாத்தி போய்விடும், அதற்கும் கை வரவில்லை.

அதனால் ஜூனில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். வா தம்பி. அக்டோபர் எட்டாம் தேதி நல்ல வற்றம். முந்தின நாள் கப்பலேறினால் போதும், ஒரே ஒரு வற்றம் நீ உன் பாத்தியில் நின்றால் போதும், நான் கண்ணால் பார்த்ததையே எழுதுவேன். ஃபின்டனிடம் கேட்டுப் பார். மறுநாளே திரும்பிப் போனாலும் தடுக்கமாட்டேன்.

வந்தால் அடுத்த வருடம் லாரி போகுமா, அரசாங்கம் ஏதாவது செய்யுமா என்று மட்டும் என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரியாது. உன்னிடம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வர மனமில்லையென்றால் வர வேண்டாம், ரோன்வென் வீட்டில் தங்கிக்கொள். மோஸை மட்டும் அங்கே அனுப்பி வைக்கிறேன். ஆனால் அன்று காலையில் கடல் வற்றும்போது நான் உன் பாத்தியில்தான் இருப்பேன். என்னோடு பேச வேண்டாம். பக்கத்தில் நின்று பொறுக்கு, அது போதும்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா
நெரிஸ்