கன்னிப் பெட்டிப் பாவாடைகள்

கல்லிடைக்குறிச்சி
5.3.1996

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். நானும் சுகன்யாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். உங்கள் வயிற்று வலி தேவலையா, ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்பதை மறக்காமல் எழுதுங்கள். பம்பாய்க்குப் பேரை மாற்றிவிட்டார்களாமே. கவரில் எந்தப் பேரை எழுதுவது என்று தபாலாபீசில் கேட்டேன். "பழைய பேரையே எழுதும்மா, அவங்களுக்கும் பழகணும்லா" என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். அதனால் பழைய விலாசம்தான்.

உங்கள் மதினி உங்களுக்குக் கடிதம் போடுவதற்குள் நான் போட்டுவிட வேண்டும் என்றுதான் அடுப்பில் உலையை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோமு அக்கா என்னோடு பேசி நாலைந்து நாளாகிறது. மூத்தவள் மாரிக்கண்ணுவின் கன்னிப் பெட்டியிலிருந்து வருஷா வருஷம் எடுத்து வைத்த பாவாடைகளை வெட்டி, நான் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் அவ்வளவுதான். நீங்கள் சரி என்று எழுதினால் தைத்து முடிப்பேன். கூடாது என்றால் இருக்கிற நிலையிலேயே மடித்து வைத்துவிடுவேன். கோபப்படுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்களுக்கு என் போர்வை வேலை பற்றி அதிகம் தெரியாது. நீங்கள் போன பிறகுதானே இது பெருகியது. அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிற தாஜ் முகம்மது அண்ணாச்சி வெட்டுத்துணிகளை மூட்டை கட்டி வைத்திருப்பார். அதை வாங்கி வந்து நிறம் பிரித்து, ஆற்றில் அலசி, கஞ்சி போக மணலில் காயப் போடுவேன். உள்ளே பழைய நூல்சேலையை நாலாக மடித்து வைத்து, மேலே துண்டுகளை ஒட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் துணி எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சுருங்கிவிடும். என் முதல் போர்வை அப்படித்தான் அப்பளம் மாதிரி நெளிந்துபோயிற்று. அதில் இப்போது பூனை படுக்கிறது.

முடிந்தவற்றில் நல்லதாக வந்தது, அண்ணாச்சி வீட்டு மும்தாஜ் பேகம் தன் மகளின் பேறுகாலத்துக்கென்று கேட்டது. எல்லாம் பூப்போட்ட நைட்டித் துணி. பிள்ளை பிறக்குமுன் புதுத் துணி சேர்க்கக் கூடாது என்று அவர்கள் வீட்டிலும் சொல்வார்களாம், ஒரு பழைய துப்பட்டாவை வெட்டிக் கொடுத்து முதலில் அதைத் தைக்கச் சொன்னார்கள். தெற்குத் தெரு பட்டாபி சார் விழுந்து படுத்திருக்கிறார் இல்லையா, அவருக்கு அவருடைய வேட்டிகளிலேயே ஒன்று தைத்தேன். வெள்ளையாக இருக்கிறதே என்று நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓட்டினேன். ஆஸ்பத்திரி அடையாளம் போல இருக்கிறது என்று மாமி முகத்தைச் சுளித்தார்கள். சாருக்கு அந்தக் கோடுதான் பிடித்திருக்கிறதாம், அதில் விரல் வைத்துத் தடவிக்கொண்டே தூங்குகிறாராம். இன்னொன்று முக்கால்வாசி ஆகி நிற்கிறது. கேட்டவளுக்குக் கரை பச்சையா நீலமா என்று ஒரு மாதமாக முடிவுக்கு வர முடியவில்லை. அவள் கலியாணத்துக்கு எப்படிச் சம்மதித்தாளோ தெரியாது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

கலியாண வயசுக்கு முன் போன பெண்பிள்ளையை வீட்டில் கன்னியாக வைத்துக் கும்பிட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை வைக்க வேண்டும், பழையதை எடுத்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்திவிட வேண்டும் என்று கோமு அக்காதான் நமக்குச் சொன்னார்கள். பெட்டியும் அவர்கள் வாங்கி வந்ததுதான். அந்தப் பாவாடையை மட்டும் நான் எடுப்பேன் என்று நீங்கள் சொன்னீர்கள். சொன்னபடி ஒரு பொங்கல் தவறாமல் யாரிடமாவது கொடுத்துவிடுகிறீர்கள். இந்தத் தடவை வன்னியராஜ் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

முதல் வருஷம் வந்த பச்சைப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது சுகன்யா சின்னப்பிள்ளை, இடுப்பில் நிற்கவில்லை. வளர்ந்தபின் உடுத்தலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அடுத்ததும் பெரிசாக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கடைக்காரன் அளவு தெரியாமல் உங்களை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். போன வருஷம் பச்சைப் பாவாடை சுகன்யாவுக்குச் சரியாக இருக்கும் என்று எடுத்துக் கட்டிவிட்டால், மடிப்பு மடிப்பாக இற்றுப்போய் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அந்தப் பளபளப்புத் துணி மடிப்பில்தான் போகும். பிள்ளை அதை அவிழ்த்துவிட்டுப் பழைய கவுனைப் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பொங்கல் கழிந்து நாலையும் வெளியே எடுத்தேன். மடிப்பை விட்டுவிட்டு மற்ற இடத்தை வெட்டினால் ஒரு போர்வைக்குத் தேறும், பிள்ளை உடுத்தாவிட்டாலும் போர்த்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். வெட்டுமுன் அளவு பார்க்க ஒன்றின்மேல் ஒன்றாகப் பாயில் விரித்தேன். பச்சை அடியில், அதற்குமேல் கத்தரிப்பூ, அதற்குமேல் மஞ்சள், அரக்கு. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நாலு விரல் நீளம். கடைக்காரன்மேல் தப்பு இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. நீங்கள் அங்கே அவளை வளர்த்துக்கொண்டு வருகிறீர்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன் அத்தான். அன்றைக்கு வேறு வேலை ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் வெட்டினேன். கோமு அக்கா குழம்பு கொண்டுவந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "கன்னி துணியில கத்திரி வைக்கலாமாட்டி? நாளைக்கு இந்த வீட்டுல ஒரு கொமரு நல்லபடியா நிக்குமா?" என்று கேட்டார்கள். குழம்புச் சட்டியைத் திரும்பக்கூட வாங்காமல் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மாரிக்கண்ணு காய்ச்சலில் கிடந்தபோது நம்மைவிட அதிகம் முழித்திருந்தவர்கள் அவர்கள். பயந்துதான் பேசுகிறார்கள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. முதல் துண்டு வெட்டும்போது பெட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வெட்டினேன்.

மூன்று ஓரம் முடிந்து நடுவை நோக்கி வந்திருக்கிறேன். மேலே அவள் பாவாடைகள், உள்ளே நீங்கள் விட்டுப்போன கைலி இரண்டு, அடியில் என் பழைய சேலை. அழகாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தைத்துக்கொண்டிருக்கும்போது சுகன்யா அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தொட்டு இது எந்தப் பொங்கல் பாவாடை என்று கேட்டாள். சொன்னேன். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், பள்ளிக்கூடக் கதை பேசுகிற மாதிரி. "அப்பா அக்காவுக்குத்தான வருஷா வருஷம் எடுக்காவ. நானும் செத்துப்போனா எனக்கும் எடுப்பாவளா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை, போர்வையில் ஊசி குத்திவிட்டதா அம்மா என்றுதான் கேட்டாள்.

அத்தான், மாரிக்கண்ணுவுக்கு ஆறு வயது. நீங்களும் நானும் கிழடாகிப் போனாலும் அவளுக்கு ஆறு வயதுதான். சுகன்யாவுக்கு ஏழு முடியப்போகிறது. அக்காவைவிட மூத்தவளாகிவிட்டாள் அவள். நீங்கள் கடைசியாகத் தூக்கியபோது அவள் கைப்பிள்ளை. இப்போது மேல்பல் இரண்டும் விழுந்து முளைத்திருக்கிறது, உங்களைப் போலவே இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. கணக்கு வரவில்லை, பாட்டு வருகிறது. உங்கள் முகம் எப்படி என்று கேட்டால் கலியாணப் படத்தைக் காட்டுகிறாள். அதில் உங்களுக்கு மீசைகூடச் சரியாக இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றுதான் நீங்கள் வராமல் இருக்கிறீர்கள். லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதுவதை நானும் படித்துவிட்டு நம்பினமாதிரி இருந்துகொள்கிறேன். விட்டத்தில் தொங்குகிற அந்தப் பெட்டியின் கீழேதான் நான் தினமும் படுக்கிறேன். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது விளக்கை அணைக்குமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், பிள்ளை போர்த்தியிருக்கிறாளா என்று பார்க்கிற மாதிரி.

அடுத்த மாதம் பங்குனி உத்திரம். சாஸ்தா கோவிலுக்குத் தூரத்தில் இருக்கிற சொந்தம் எல்லாம் வரும். போர்வையைப் பற்றி உங்கள் முடிவை எழுதுங்கள் என்று மேலே எழுதினேன். எழுத வேண்டாம். வந்து பார்த்துச் சொல்லுங்கள். கோமு அக்காவையும் நீங்கள் வந்து சொன்னால்தான் சமாதானப்படுத்த முடியும், அவர்கள் சட்டியும் என்னிடம்தான் இருக்கிறது.

இந்தக் கவருக்குள் வெள்ளை நூல் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன். குப்பை என்று போட்டுவிடாதீர்கள். சுகன்யாவை நிற்கவைத்து அளந்தது. முழு நீளம் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை. ஒரு முனையிலிருந்து முடிச்சு வரைக்கும் இடுப்பின் சுற்று. அதைக் கடையில் காட்டி ஒரு பாவாடை எடுங்கள். என்ன நிறம் என்று அவளிடம் கேட்டதற்கு, அப்பாவுக்குப் பிடித்த நிறம் என்றாள். அது என்ன நிறம் என்று எனக்கும் தெரியவில்லை. யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். சாஸ்தா உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும். வளர்கிற பிள்ளை அத்தான், நாள் தள்ளிப் போட்டால் இந்த நூல் பத்தாமல் போய்விடும்.

வழி பார்த்திருக்கும்,
வடிவு