அதிராவின் குளிர்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதியம் வண்டியின் ஏர்கோனை ஓட்டிப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் குளிர்ந்தது. அப்புறம் வெறும் காற்று. கையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், விசிறிக் காற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. உள்ளே முப்பத்திரண்டு டிகிரி. எங்கள் ஜெலுத்தோங் தெருவில் வெயிலில் நின்றால்கூட இதைவிடத் தேவலாம்.

வேறு யாருக்காக இருந்தாலும் சன்னலைத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம். அதிராவுக்கு முடியாது. என் மகள் வியர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்தவள். ஒன்பது வயதாகிறது, ஒரு சொட்டு வியர்த்ததில்லை. வெயில் பட்டால் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். ஈரப் பனியனும் ஏர்கோனும்தான் அவளுக்கு வியர்வை.

அதற்காகத்தான் படுக்கையும் ஏர்கோனும் உள்ள இந்தப் பழைய வீட்டு வண்டியை, மோட்டார்ஹோமை, வாங்கினேன். எங்கே போனாலும் ஒரு குளிர்ந்த அறை முதுகுக்குப் பின்னாலேயே வரும். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கடல் பார்க்கத் திரெங்கானு போகிறோம் என்று அவளிடம் சொல்லியும் விட்டேன். அவள் இதுவரை பார்த்த ஊர்களெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்கள்.

அவளுடைய அம்மா ஜெயலெட்சுமி ஒரே நிபந்தனையில் சம்மதித்தாள். "ஏர்கோன் ஒழுங்கா ஓடணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

வேறொன்றும் கேட்கவில்லைதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வந்தவரிடம் எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு ஏர்கோனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்து முடித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து வந்ததும் ஃபில்டரைக் கழற்றினேன். கறுப்புப் பஞ்சு மாதிரி தூசி. கழுவிப் போட்டேன். கூரைமேல் ஏறி மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த சருகுகளை எடுத்தேன். ஓட்டினால் அதே கதை. கொஞ்ச நேரம் குளிர், அப்புறம் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. காற்று மட்டும் ஓடுகிறது.

வீட்டிலிருந்து இழுத்திருந்த ஒயரைத் தொட்டால் சுட்டது. ஓகோ, கரன்ட் போதவில்லையோ? தடித்த ஒயர் வாங்கி மாற்றினேன். கம்ப்ரஸர் இப்போது முக்காமல் கிளம்புகிறது. நிற்பது மட்டும் நிற்கத்தான் செய்கிறது.

கார், வேன் போன்ற காடிகளுக்கு ஏர்கோன் பார்க்கும் கடையில் விசாரித்தேன். "இது சீல் பண்ண யூனிட் லா அண்ணே. கேஸ் போட வழியே இல்ல. புதுசு மாத்திடுங்க." புதியது கப்பலில் வரவேண்டுமாம். அது வந்து சேர்வதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.

ஜெயாவும் அதிராவும் என்னைவிட்டுச் சுங்கை பாக்காப் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை இந்த வீட்டில் ஏர்கோன் நின்றதே கிடையாது. அது போடும் சத்தத்தில் டிவியைக் கூட்டி வைத்துத்தான் பார்ப்போம். இப்போது சன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கிறேன். நல்ல காற்று. ஆனால் அந்த உறுமல் இல்லாமல் தூக்கம் பிடிக்கமாட்டேன் என்கிறது.

எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையை நாலு இடத்துக்குக் கூட்டிப் போகணும் என்பேன் நான். பிள்ளை உயிரோட இருக்கணும் என்பாள் அவள். இரண்டுமே சரிதானே? அதனால்தான் பேச்சு முடியவே இல்லை. ஒரு நாள் இருவரும் களைத்துப்போனோம்.

ஆகஸ்ட் 23, சனி

அதிரா என்னோடு இருக்கும் என்னுடைய சனிக்கிழமை. விடிந்ததும் சுங்கை பாக்காப் போய் அதிராவைக் கூட்டி வந்தேன். வீட்டுக்குள் நுழையும் முன்பே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். வெயில் இன்னும் ஏறவில்லை, ஈரப் பனியன் போட்டிருந்தாள், பக்கத்திலேயே வீட்டு ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. சரி, பத்து நிமிடம் என்று சொல்லி வண்டி ஏர்கோனைப் போட்டேன்.

படுக்கையில் குப்புற விழுந்தாள், மல்லாந்தாள், இழுப்பறைகளை எல்லாம் திறந்து மூடினாள். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, இது என்ன ஜில்லு தெரியுமா? ஆஸ்பத்திரி ஜில்லு இல்ல. சூப்பர்மார்க்கெட்ல கோழி வச்சிருப்பாங்களே, அந்த இடத்து ஜில்லு" என்றாள். குளிரை இப்படி வகை பிரிக்க அவளால்தான் முடியும். கூம்பு மாதிரி இருக்கும் இரண்டு முன்பல்லும் தெரியச் சிரித்தாள்.

பிறகு படுக்கைமேல் ஏறி நின்று, கூரையில் இருக்கும் கம்பி வலைகளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஊதுற பக்கம் ஜில்லுன்னு இருக்கு."

"ஆமாம்மா."

"இழுக்கிற பக்கமும் ஜில்லுன்னு இருக்கே?"

"அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நின்றேன். அப்படி இருக்கக்கூடாதே! இழுப்பது அறையின் சூட்டை அல்லவா? நானும் கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. இழுக்கிற வாயும் குளிர்ந்துதான் கிடந்தது.

மாலையில் கொண்டுபோய் விட்டு வந்தேன். அவளுடைய பனியன் ஒன்று குளியலறைக் கொடியில் தொங்குகிறது. காய்ந்துவிட்டது. எடுத்து மடிக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தான்தான் பழுதைக் கண்டுபிடித்ததாக அதிரா அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஜெயா உடனே போன் செய்தாள்.

"ரிப்பேர் வண்டிக்குள்ள பிள்ளைய உட்கார வச்சீங்களா?"

"காலைல ஜெயா. பத்தே நிமிஷம்…"

"பத்து நிமிஷத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு வெயில்ல பிள்ள மயங்கி விழுந்தப்ப நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

பயணம் வேண்டாம் என்றாள். பின்னால் அதிரா அழுவது கேட்டது. அழுதால் அவளுக்கு உடம்பு சுடும். ஜெயா சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அவள் மீது கோபப்படவும் முடியவில்லை. அவள் பயந்தது நியாயம். ஆனா அதிரா எனக்கும் பிள்ளதானே? மாசத்துல ரெண்டு சனிக்கிழமை. ரெண்டு சனிக்கிழமையில ஒருத்தன் எவ்வளவுதான் அப்பாவா இருந்துட முடியும்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பயணமே இல்லை என்ற பிறகு எதற்கு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இத்ரீஸைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட நண்பன், வீடுகளுக்கு ஏர்கோன் மாட்டுகிறவன். இந்த மாதிரி வண்டி ஏர்கோனை அவனும் இதுவரை திறந்ததில்லை. இருவருமாகக் கூரையில் இருந்த உள்மூடியைக் கழற்றினோம்.

குளிர்காற்று அறைக்குள் ஊதும் வழிக்கும், அறைக்காற்று மெஷினுக்குள் இழுக்கப்படும் வழிக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். அது வெறும் ஈயத்தாள் டேப்தான். வண்டி ஓடிய அதிர்வில் பசை விட்டு, வாழைத்தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பாதிக் குளிரு ரூமுக்கே வரல்லடா. மேலேயே சுத்திட்டுத் திரும்ப உள்ள போயிடுது. மெஷின் என்ன நினைக்கும்? போதும், ஜில்லாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுக் கம்ப்ரஸர நிப்பாட்டிடுது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் லா. என்கிட்ட என்ன கேக்குற, கண்டுபிடிச்சது உன் மவதானே? படிப்ப முடிச்சிட்டு என்கிட்ட வேலைக்கு வரச் சொல்லு."

பழைய பசையைச் சுரண்டி, தடித்த ஸ்போஞ்ச் பலகையை வெட்டி வைத்து, நாலு பக்கமும் புது டேப் ஒட்டினோம். இப்போது ஊதுகிற பக்கம் குளிர், இழுக்கிற பக்கம் சூடு.

ஆகஸ்ட் 27, புதன்

மதிய இடைவேளையில் ஓடி வந்து வண்டிக்குள் உட்கார்ந்தேன். உச்சி வெயிலில் இருபத்து மூன்று டிகிரி. கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜெயாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்: "பழுது சரியாகிவிட்டது. என்னை நம்ப வேண்டாம், நீயே வந்து உட்கார்ந்து பார். உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் மறுபடி கேட்க மாட்டேன்."

படித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்தாள். அதிராவைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, வெயில் கொளுத்தும் நேரமாகப் பார்த்துத் தனியாக வந்தாள். இரண்டு வருடம் கழித்து இந்தத் தெருவுக்கு. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கைப்பையிலிருந்து தன்னுடைய தெர்மோமீட்டரை எடுத்தாள்.

"கதவச் சாத்துங்க. நீங்க வெளியிலயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

எதிர்வீட்டு மாமர நிழலில் நின்றேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வண்டியின் மேல் அந்த உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று அதனிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் போனது. அவள் வெளியே வரவில்லை. ஏதாவது ஆகிவிட்டதோ? தட்டினேன், மறுபடி தட்டினேன். மெல்லக் கதவைத் திறந்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், படுக்கை ஓரத்தில் ஒருக்களித்து, தெர்மோமீட்டரைக் கையில் பிடித்தபடி. அதிரா பிறந்ததிலிருந்து ஜெயா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. இரவிலும் பிள்ளையின் நெற்றியில் ஒரு கை இருக்கும். அவள் முகம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன். கூப்பிடத் தோன்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி மரத்தடிக்கே வந்தேன்.

அவள் இறங்கியபோது கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, "கரன்ட் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

ஜெனரேட்டர் இருக்கிறது, ஓட்டும்போது முன்பக்கத்து ஏர்கோன் தனி, ஐஸ் பெட்டி எடுத்துப் போகிறேன், வழியில் எங்கெங்கே ஆஸ்பத்திரி என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டினாள்.

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

வீட்டுக்குள் வந்தாள். அடுப்படியில் நின்றே குடித்தாள். தம்ளரைக் கழுவி, எப்போதும் அவள் வைக்கிற இடத்திலேயே கவிழ்த்தாள். போய்விட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெயாவிடமிருந்து: "லீவு விட்டதும் சனிக்கிழம காலையில வந்து கூட்டிட்டுப் போங்க. பனியன் ஆறு வச்சிருக்கேன்."

குளியலறைக் கொடியில் தொங்கிய பனியனை எடுத்து மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

கிரிக் ஊரைத் தாண்டி மலையேறும்போது மூடுபனி. அதிரா சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினாள். "அப்பா, ஏர்கோன் போடாமலே ஜில்லுன்னு இருக்கு! யாருப்பா போட்டாங்க?"

வண்டியை ஓரம் கட்டி, அவளை வெளியே இறக்கிவிட்டேன். ரோட்டோரத்தில் சும்மா நின்றாள். அங்கேயும் இங்கேயும் நடந்தாள். மறுபடி உள்ளே ஏறச் சொல்லி யாரும் அவளை விரட்டவில்லை.

நிறுத்திய இடத்திலெல்லாம் ஜெயாவின் போன். எத்தனை டிகிரி? பிள்ளை தண்ணி குடிச்சாளா?

செப்டம்பர் 15, திங்கள்

திரெங்கானுவில் மாராங். வண்டிக்கு மின்சாரம் கொடுக்கிற இடம் கடற்கரையை ஒட்டியே கிடைத்தது. வெளிச்சம் வரும் முன்பே அதிரா என்னை எழுப்பிவிட்டாள். சூரியன் கடலுக்குள்ளிருந்து வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைப் பார்த்து ஏதோ கத்தினாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. வெயில் உறைக்கத் தொடங்கியதும் அவளாகவே வண்டிக்கு ஓடினாள். உள்ளே இருபத்து நான்கு.

மதியம் ஜெயா கூப்பிட்டாள். டிகிரி கேட்டாள், சொன்னேன். வழக்கமாக அதோடு வைத்துவிடுவாள். இன்று வைக்கவில்லை.

"வேற என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

மீன் பொரித்ததை, மணலில் பிள்ளை வீடு கட்டியதை, அதில் அவள் ஏர்கோனுக்கும் ஒரு ஓட்டை விட்டதைச் சொன்னேன். சிரித்தாள்.

"நாளைக்கு மலேசிய தினம், லீவு. புதன்கிழமையும் லீவு கேட்டா குடுப்பாங்க" என்றாள். "பட்டர்வொர்த்லேருந்து நேரா பஸ் இருக்காம். சும்மா, வண்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடுவேன்."

வண்டியைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே என்று நான் சொல்லவில்லை. பஸ் இங்கே எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டேன்.