லிட்டருக்குப் பதின்மூன்று

என் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனில் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டாய், பதின்மூன்று என்றேன், உடனே, "பதினெட்டு கொடுத்த வண்டிம்மா அது, இப்படிக் குடிச்சா கட்டுப்படியாகாது, வித்துடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. நீ கற்றுக்கொடுத்தபடிதான் ஓட்டுகிறேன், தாயே. ஆக்ஸிலேட்டரை நோகாமல்தான் மிதிக்கிறேன், சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுகிறேன், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டுவதில்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை டயருக்குக் காற்றும் பிடிக்கிறேன். நான் வேலை பார்க்கும் லாண்டரியில் எனக்கு ஆமையம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விற்பதற்கு முன் காட்டிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். பிளக், ஃபில்டர், பிரேக் எல்லாம் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. பிறகு முன்சீட்டை எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா பெல்ட் போட்டு உட்கார வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். சோப்புத்தூள் மூட்டை, இருபது கிலோ. லாண்டரியில் மலிவாகக் கிடைத்தது, வீட்டுக்கு என்று வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன், ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து வண்டி கீ கீ என்று கத்தியது, பெல்ட்டை மாட்டிவிட்டேன். ஒரு மாதமாகிறது, இறக்கவில்லை. வேண்டாத சுமை ஏற்றாதே என்று நீ சொன்னதை மறக்கவில்லை, ஆனால் அந்த சீட் காலியாக இருப்பதற்கு இது தேவலை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை முடிந்து திரும்பும்போது அதனிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் உண்டு. எதிர்த்துப் பேசாது, அந்த வகையில் உன்னைவிட நல்ல பிள்ளை.

மெக்கானிக் விடவில்லை. "இருபது கிலோவுக்கு இவ்வளவு குறையாதும்மா, நிறுத்தின பிறகும் எஞ்சினை ஓட விடுறீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அணைத்தால் உள்ளே போயாக வேண்டுமே. அப்பா போன பிறகு நீ இருந்தாய், இப்போது நானே பூட்டிய கதவை நானே திறக்கிறேன், காலையில் குடித்துவிட்டு வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தனியாக இருக்க எனக்குப் பயமில்லை, குட்டிம்மா, பிடிக்கவில்லை.

மூட்டையை நாளைக்கே இறக்கிவிடுகிறேன், எஞ்சினையும் வந்த உடனே அணைக்கப் பார்க்கிறேன். வண்டியை மட்டும் விற்கச் சொல்லாதே, எனக்கு வெளியே போய்வர அது ஒன்றுதான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நிறைவாக இருக்க வேண்டும். பல்வலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. இன்னும் ஒன்று, வருகிற ஞாயிறு பேசும்போது லிட்டருக்கு எவ்வளவு என்று ஆரம்பிக்காதே, எப்படிம்மா இருக்கே என்று கேள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அதை நம்பிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேசு.

உன் அம்மா