உன் இடத்தில் முட்டைக்கோஸ் அடுக்கியிருந்த காலை

என் ஆசை மச்சான் மாரிமுத்துவுக்கு,

நீ போன நாளிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. லோரி முதலாளி தவுக்கே லீவு கொடுத்து, வீட்டில் இரு என்றார். வீட்டில் இருக்கிறவனா நான்? விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஈப்போ பழைய டவுனைச் சுற்றக் கிளம்பிவிடுவேன்.

நாம் வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தோமே, அப்போதும் இரண்டு பேரும் இப்படித்தான் சுற்றினோம். அன்றைக்கு வேலை தேடிச் சுற்றினோம். இன்றைக்கு எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, மச்சான்.

எண்பதுகள் பிறந்து, சந்துக்குச் சந்து கேசட் கடை வந்துவிட்டது. ஒரு கடைப் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடைப் பாட்டு காதில் ஏறுகிறது. பறவைக் கடை வாசலில் நிற்பேன், இரண்டு நிமிஷம் தாங்காது. லேகியக்காரன் கழுத்துப் பாம்பை வேடிக்கை பார்ப்பேன், அதுவும் அலுத்துவிடும். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் காப்பி வருவதற்குள் எழுந்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் "தாப்பா! தாப்பா! ஏறுங்கண்ணே!" என்கிறான் ஒருவன். ஏறி எங்கே போக?

பசாரில் ஒரு சந்துக்குள் மட்டும் உன் கருமாதி முடியும் வரை போகவில்லை. உன் சந்துக்குள்.

லகாட்டில் உன் வீட்டுக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பழைய ஈயலம்ப மணலில் நீ வளர்த்த கீரையை எட்டு வருஷம் அங்கேதானே விற்றாய். தண்ணீர்க் குழாய்க்கும் சீனர் ஆசோவின் காய்கறிக் கடைக்கும் நடுவே நாலு முழ இடம். அதற்குப் பேப்பர் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. யார் தினமும் நிற்கிறானோ அவன் இடம். ஒரு வாரம் வராவிட்டால் வேறு ஆள் சாக்கை விரித்துவிடுவான். அந்த நாலு முழத்தில்தான் என் தங்கச்சி சரோஜாவும் உன் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், கடையை ஏறக்கட்டிவிட்டுத் தங்கச்சியை என் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்து சந்துக்குள் போனேன். உன் இடத்தில் ஆசோவின் முட்டைக்கோஸ் குவியல். எனக்கு வந்ததே கோபம்! செத்தவன் இடத்தைத் தின்கிறாயா என்று தமிழில் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தி, கூடையை உதைத்தேன். கோஸ் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

 நான் கத்தி முடித்ததும் ஆசோ பசார் மலாயில் சொன்னார்: "இனி மாரி பூனியா. கோசோங், ஓராங் அம்பில்லா. சாயா ஜாகா." இது மாரியுடையது, காலியாகக் கிடந்தால் எவனாவது எடுத்துக்கொள்வான், அதனால் காவல் இருக்கிறேன் என்கிறார். இரண்டு பேர் கேட்டு வந்தார்களாம், மாரி சம்சாரம் வரும் என்று விரட்டிவிட்டாராம். குவியலுக்கு அடியிலிருந்து உன் தராசை எடுத்து வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டேனா? தராசைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கக்கேடு.

நேராக லகாட் போய், "கெளம்பு தங்கச்சி, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

சரோஜா தராசைப் பார்த்தாள். "இத எதுக்குண்ணே தூக்கிட்டு வந்தீங்க? நாளைக்கு அங்கதானே வேணும்."

"பொம்பள தனியா பசார்ல நிப்பியா?"

"ஒங்க வீட்டுல ஒரு மாசம் நல்லாத்தான் இருக்கும். பெறகு அண்ணி மொகத்தப் பாத்துப் பாத்துச் சோறு திங்கணும். வேணாம்லா."

எனக்குக் கோபம்தான். கோபத்தை விட பயம். மறுநாள் முதல் பஸ்ஸில் கீரை மூட்டையோடு ஏறிவிட்டாள். நான் மூன்று நாளாகச் சந்து முனையில் திருடன் மாதிரி நின்று எட்டிப் பார்க்கிறேன், உள்ளே போக முகமில்லை.

இன்று காலையில் ஒரு குரல். "முருங்கக் கீர! சாயோர், சாயோர்! வாங்கக்கா, இப்ப ஒடிச்சது!" யாரடா இந்தப் பெண், சந்தையே அதிர்கிறதே என்று திரும்பினேன். சரோஜா.

மச்சான், தோட்டத்துப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் கிராணி பேர் கூப்பிடும்போது அவள் வாயைத் திறந்ததே இல்லை. ஒவ்வொரு விடியலிலும் அவளுக்காக நான்தான் "வந்திருக்கு" என்று கத்துவேன். என் கூடப் பிறந்தவளின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நீயாவது கேட்டிருக்கிறாயா? உன்னிடமாவது கத்தியிருக்கிறாளா?

நாளைக்குச் சந்துக்குள் போகிறேன். ஆசோ முன்னால் நின்று நான் செய்தது தப்பு என்று, தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். சரோஜாவை வீட்டுக்கு வா என்று கூப்பிட மாட்டேன். அவள் பேரை யார் கூப்பிட்டாலும் இனி அவளே பதில் சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன், உன்மேல் சத்தியம்.

சரோஜாவுக்கு அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்,
கோவிந்தன்